வழக்கொழிந்த ஆங்கிலச் சொற்கள்

ஆங்கில இலக்கியத்தைச் சிறப்புப் பாடமாக எடுத்துப் பயிலும் நம்முள் பெரும்பாலோர் பள்ளியில் தமிழ்வழி படித்து வந்தவர்கள். உரைநடையையும் சிறுகதையையும் ஒருவாறு சமாளித்துவிடுகிறோம். ஷேக்ஸ்பியர் வரும்போதுதான் நடுக்கம் தொடங்குகிறது. மூல நூலை மூடி வைத்துவிட்டுக் குறிப்புரையை மனப்பாடம் செய்யும் வழக்கமும் அங்கேதான் பிறக்கிறது. என் வகுப்புத் தோழர் ஒருவர் ஷேக்ஸ்பியர் தாளுக்கு அஞ்சியே வேறு பாடத்துக்கு மாறிச் சென்றுவிட்டார். "எனக்கு இங்கிலீஷ் வராதுப்பா" என்பதே அவர் சொன்ன காரணம். அந்தக் காரணம் சரியன்று என்பது என் எண்ணம். அதை எடுத்துரைக்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

அவரை அச்சுறுத்திய சொற்களுள் பல, இலண்டன் மாநகரில் பிறந்து வளர்ந்த மாணவனுக்கும் விளங்காதவையே. அவனும் அடிக்குறிப்பைப் பார்த்துத்தான் படிக்கிறான். அவை அவன் நாவிலிருந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே நழுவிப் போனவை. இன்னும் ஒருபடி மேலே சென்று, சில இடங்களில் தமிழ் மாணவன் அவனைவிட விரைவாகப் பொருள் காண இயலும் என்றும் கூறுவேன். இது வெறும் பெருமைப் பேச்சன்று என்பதைப் போகப் போகக் காணலாம்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தை நீக்கிக்கொள்வோம். ஷேக்ஸ்பியரின் மொழியைப் 'பழைய ஆங்கிலம்' என்று நாம் பொதுவாகச் சொல்கிறோம். மொழிநூலார் அவ்வாறு கூறுவதில்லை. அவர்கள் பழைய ஆங்கிலம் என்பது கி.பி. 450 முதல் ஏறத்தாழ 1100 வரை வழங்கிய மொழியை. அதனைத் தனிப்பாடமாகக் கற்றாலன்றி இன்றைய ஆங்கிலேயர் ஒருவருக்கும் ஒரு வரி கூடப் புரியாது. அதன்பின் 1500 வரை இடைக்கால ஆங்கிலம். சாசர் எழுதியது அதில். ஷேக்ஸ்பியர் வாழ்ந்த 1564 முதல் 1616 வரையிலான காலம் புத்தாங்கிலத்தின் தொடக்கக் காலம். ஆகவே, அவர் நமக்கு அண்டை வீட்டார்தாம். அயல் நாட்டார் அல்லர்.

1066ஆம் ஆண்டு நார்மண்டியிலிருந்து வந்த வில்லியம் இங்கிலாந்தை வென்றான். அரசவையும் வழக்குமன்றமும் பிரெஞ்சு பேசத் தொடங்கின. பழைய சொற்கள் கூட்டங்கூட்டமாக மடிந்த காலம் அதுவே. படைக்கு 'ஹெரெ' என்றொரு சொல் இருந்தது. 'ஆர்மி' வந்து அதை விரட்டிவிட்டது. ஆயினும் அது முற்றிலும் போய்விடவில்லை. படை தங்குமிடம் என்னும் பொருளில் அமைந்த ஒரு கூட்டுச் சொல்லுக்குள் புகுந்துகொண்டு, உருமாறி, 'ஹார்பர்' என்று சென்னைப் பேருந்துகளில்கூட இன்று வழங்குகிறது.

இழந்த சொற்களுள் என்னை மிகவும் வியப்பில் ஆழ்த்தியவை உறவுமுைறப் பெயர்களே. 'அங்கிள்' என்றால் மாமாவும் உண்டு, சித்தப்பாவும் உண்டு, பெரியப்பாவும் உண்டு. 'ஆன்ட்' என்றால் அத்தையும் சித்தியும் ஒன்று. ஆங்கிலேயருக்கு உறவின் அருமை தெரியாது என்று நாம் கேலி பேசுவதுண்டு. ஆனால், ஆல்பிரட் மன்னன் காலத்து ஆங்கிலேயன் அப்படிப் பேசவில்லை! தாயுடன் பிறந்தவனை அவன் 'ஏயாம்' என்றான். தந்தையுடன் பிறந்தவனை 'ஃபேடெரா' என்றான். தந்தையின் உடன்பிறந்தாள் 'ஃபாது'. தாயின் உடன்பிறந்தாள் 'மோட்ரியே'. நம் மாமனும் சிற்றப்பனும் அத்தையும் சிற்றன்னையும் தனித்தனியே அங்கு நின்றார்கள். பிரெஞ்சு மொழியிலிருந்து 'அங்கிள்', 'ஆன்ட்' என்னும் இரண்டு சொற்கள் வந்தன; நான்கு சொற்கள் போயின. இதில் ஒரு வேடிக்கை. 'அங்கிள்' என்பதன் இலத்தீன் மூலத்துக்குத் தாய்மாமன் என்றே பொருள். 'ஆன்ட்' என்பதன் மூலத்துக்கு அத்தை என்றே பொருள். இலத்தீனிலும் வேறுபாடு இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் அதை முன்பே தொலைத்துவிட்டுத்தான் ஆங்கிலேயருக்குக் கொடுத்தார்கள்.

'ஏயாம்' உடனே சாகவில்லை. 'எம்' என்று குறுகி நின்றது. சாசர் தம் 'ட்ராய்லஸ் அண்ட் கிரிசைட்' காவியத்தில் கிரிசைடின் மாமனான பாண்டரஸைக் குறிக்க இச்சொல்லையும் ஆள்கிறார், 'அங்கிள்' என்பதையும் ஆள்கிறார். பழையதும் புதியதும் ஒரே நூலில் அருகருகே அமர்ந்திருக்கின்றன. அதன் பின்னர் வடபுலத்து வழக்கிலும் ஸ்காட்லாந்திலும் சிலகாலம் தங்கிப் பொது வழக்கிலிருந்து மறைந்தது.

இதனால் நமக்கென்ன என்று கேட்கலாம். ஹாம்லெட் நாடகத்தை மொழிபெயர்க்கப் புகுவோருக்கு முதல் இடறல் இதுதான். கிளாடியஸ் ஹாம்லெட்டுக்கு 'அங்கிள்'. அதை 'மாமா' என்று எழுதிவிட்டால் கதையே கெட்டுவிடும். அண்ணனைக் கொன்று அண்ணியை மணந்தவன் சித்தப்பன் அல்லனோ! நம் நாட்டார் இந்தக் குறையை உணர்ந்துதான் 'கஸின் பிரதர்' என்றும், சகலையைக் குறிக்கக் 'கோ-பிரதர்' என்றும் தாமே சொற்களை ஒட்டுப்போட்டுக்கொண்டார்கள். இங்கிலாந்தில் இவற்றைக் கேட்டால் விழிப்பார்கள். அதேவேளை, வீட்டுக்கு வரும் எவரையும் 'அங்கிள், ஆன்ட்டி' என்று அழைக்க நம் குழந்தைகளை நாமே பழக்கிவருகிறோம் என்பதையும் மறைப்பதற்கில்லை.

'ஓவர்மாரோ' என்றும் ஒரு சொல் இருந்தது. கவர்டேல் 1535இல் வெளியிட்ட விவிலிய மொழிபெயர்ப்பில் அது காணப்படுகிறது. நாளை மறுநாள் என்பது பொருள். இன்று அவர்கள் அதற்கு நான்கு சொற்களைச் செலவிடுகிறார்கள். நம் பாட்டிமார்களோ 'நாளன்னிக்கு' என்று ஒரே மூச்சில் முடித்துவிடுகிறார்கள். ஏழு இரவு என்னும் பொருள்பட 'செனைட்' என்று ஒரு வாரத்தைக் குறித்தார்கள். அது போயிற்று. அதன் தம்பியான, பதினான்கு இரவைக் குறிக்கும் 'ஃபோர்ட்னைட்' மட்டும் இங்கிலாந்திலும் நம் அலுவலகங்களிலும் நிலைத்திருக்கிறது.

தனித்து நிற்க வலுவிழந்த சில சொற்கள் பிற சொற்களின் தோளில் தொற்றிக்கொண்டு உயிர் வாழும். 'ரூத்' என்றால் இரக்கம். அச்சொல் இறந்தது, இரக்கமற்ற என்னும் 'ரூத்லெஸ்' இருக்கிறது. (மனிதர்களிடம் எது எஞ்சியது என்று பாருங்கள்!) 'வேர்' என்றால் ஆண்மகன். ஓநாயாக மாறும் மனிதனைக் குறிக்கும் 'வேர்வுல்ஃப்' என்னும் சொல்லில் அவன் ஒளிந்திருக்கிறான். உலகம் என்னும் 'வேர்ல்ட்' என்பதன் முற்பகுதியும் அவனே. மனிதனின் காலம் என்பது அதன் பழம்பொருள். 'மிட்' என்றால் உடன். 'வைஃப்' என்றால் அக்காலத்தில் மனைவி மட்டுமன்று, பெண் யாவரும். பேறுகாலத்தில் உடனிருக்கும் பெண் 'மிட்வைஃப்' ஆனாள். 'கோ' என்னும் வினைக்கு இறந்தகாலம் ஏன் 'வென்ட்' என்று பள்ளியில் கேட்டால், அப்படித்தான் என்பார்கள். அது 'வெண்ட்' என்னும் வேறொரு வினையின் இறந்தகாலம். 'கோ' அதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டது.

'நிக்நேம்' என்பதன் வரலாறு இன்னும் சுவையானது. 'ஈக்' என்றால் கூடுதல். கூடுதல் பெயர் 'ஈக்நேம்'. அதன்முன் 'அன்' என்னும் அடைச்சொல் வர, 'அன் ஈக்நேம்' என்பதைக் காதால் கேட்டவர்கள் 'அ நீக்நேம்' என்று பிரித்துவிட்டார்கள். நம் புலவர்கள் பிரிமொழிச் சிலேடை பாடும்போது வேண்டுமென்றே செய்வதை ஆங்கிலேயர் அறியாமலே செய்துவிட்டார்கள்.

இதுவரை சொன்னவை எல்லாம் பார்த்தவுடனே புரியாதவை எனத் தெரிந்துவிடும் சொற்கள். இவற்றால் தீங்கில்லை. தெரியாத சொல்லைக் கண்டால் அகராதியைப் புரட்டுவோம், தீர்ந்தது. உண்மையான ஆபத்து, தெரிந்த முகத்தோடு வரும் சொற்களால் விளைவது. அவை நமக்கு நன்கு பழக்கமானவை போல் நிற்கும். உள்ளே வேறு பொருள் இருக்கும். நாமும் ஐயமே கொள்ளாமல் தவறான பொருளை எழுதிவிட்டு வந்துவிடுவோம்.

'லெட்' என்னும் எளிய சொல்லை எடுத்துக்கொள்வோம். விடு, அனுமதி என்பது பொருள் என்று ஐந்தாம் வகுப்பு மாணவனும் சொல்வான். ஹாம்லெட் தன் தந்தையின் ஆவியைப் பின்தொடரப் புறப்படும்போது நண்பர்கள் அவனைப் பிடித்து நிறுத்துகிறார்கள். தன்னை 'லெட்' செய்பவனை ஆவியாக்கிவிடுவேன் என்று அவன் சீறுகிறான். விடுபவனையா கொல்லுவான்? அங்கே 'லெட்' என்றால் தடு என்று பொருள். பழைய ஆங்கிலத்தில் விடு என்பதற்கு ஒரு வினையும் தடு என்பதற்கு வேறொரு வினையும் இருந்தன. ஒலி தேய்ந்து தேய்ந்து இரண்டும் 'லெட்' என்றே ஆகிவிட்டன. ஒன்றுக்கொன்று நேர்மாறான பொருளை ஒரே சொல் எத்தனை நாள் சுமக்கும்? தடு என்னும் பொருள் மெல்ல ஒதுங்கியது. டென்னிஸ் ஆட்டத்தில் பந்து வலையைத் தொட்டுக்கொண்டு உரிய கட்டத்தில் விழுந்தால் 'லெட்' என்கிறார்களே, அந்த 'லெட்' தடைதான். நம் இந்தியக் கடவுச்சீட்டின் உட்பக்கத்திலும் அது இருக்கிறது. இதை வைத்திருப்பவரை 'லெட்' இன்றியும் இடையூறு இன்றியும் செல்லவிட வேண்டும் என்று குடியரசுத் தலைவரின் பெயரால் கேட்டுக்கொள்ளும் அந்தப் பத்தியைப் படித்துப் பாருங்கள்.

1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியம் இத்தகைய சொற்களின் களஞ்சியம். 119ஆம் சங்கீதம் பாடியவர் தாம் விடியலைப் 'பிரிவென்ட்' செய்ததாகக் கூறுகிறார். சூரியனைத் தடுத்து நிறுத்தினாரோ என்று மயங்க வேண்டா. இலத்தீனில் முன்னே வருதல் என்பதே அச்சொல்லின் பொருள். விடியுமுன் எழுந்தார், அவ்வளவே. குழந்தைகளைத் தம்மிடம் வரவிடுமாறு இயேசு கூறும் இடத்தில் 'சஃபர்' என்று இருக்கும். துன்பம் என்று கொள்வாரும் உண்டு. அனுமதி என்பதே அங்குப் பொருள். 'குவிக்' என்றால் விரைவு அன்று, உயிருள்ள என்று பொருள். பாதரசத்தைக் 'குவிக்சில்வர்' என்றது உயிருள்ள வெள்ளி என்னும் கருத்தில்தான்.

மில்டன் தம் பார்வை இழப்பைப் பற்றி எழுதிய பதினான்கு வரிப் பாட்டைப் பயின்றவர்கள் நம்முள் பலர். அதில் 'ஃபாண்ட்லி' என்றொரு சொல் வருகிறது. இன்று அதற்கு 'அன்புடன்' என்பது பொருள். அவ்வாறே எழுதினால் ஏதோ இறைவனிடம் கவிஞர் கொஞ்சிக் கேட்பதுபோல் ஆகிவிடும். மில்டன் காலத்தில் அதற்குப் 'பேதைமையால்' என்னும் பொருளும் உண்டு. அங்கே பொருந்துவது அதுவே. கண் போன பிறகும் தன்னிடம் பணி எதிர்பார்க்கப்படுமோ என்று கேட்ட கேள்வியை, கேட்கும்போதே பேதைமை என்று அவர் கண்டித்துக்கொள்கிறார். ஒரு சொல்லைத் தவறவிட்டால் கவிஞரின் மனநிலையையே தவறவிடுகிறோம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று நான் கண்டதில்லை.

பேதைமை அன்பாக உயர்ந்தது இங்ஙனம். இழிந்த கதையும் உண்டு. 'சில்லி' என்றால் ஒருகாலத்தில் அருள்பெற்றவன். பின் கள்ளமற்றவன், பின் இரங்கத்தக்கவன் என்று படிப்படியாக இறங்கி இன்று அசடன் ஆகிவிட்டான். 'நைஸ்' என்பதோ அசடு என்பதில் தொடங்கி இனிமையில் வந்து முடிந்தது. பையன் என்று பொருள்பட்ட இரண்டு சொற்களுள் 'நைட்' வீரப் பட்டம் பெற்றது. 'நேவ்' கயவன் ஆனது. நறுமணத்தைக் குறித்த 'நாற்றம்' நம்மிடையே என்ன பாடுபடுகிறது என்பதை அறிந்த நமக்கு இழிபொருட்பேறும் உயர்பொருட்பேறும் புதியனவல்ல.

உடனே என்னும் பொருள்படும் சொற்களின் கதி பெரிதும் நகைப்புக்குரியது. 'சூன்' என்றால் பழைய ஆங்கிலத்தில் உடனே, இப்போது விரைவில். 'அனான்' அப்படியே ஆயிற்று. 'பிரசென்ட்லி' என்றால் ஷேக்ஸ்பியர் நாடகத்தில் இந்தக் கணமே. பின்னர்ச் சற்றுப் பொறுத்து என்றாகிவிட்டது. 'பை அண்ட் பை' என்பதும் அவ்வாறே. 'இதோ வந்துவிட்டேன்' என்று சொல்லிவிட்டு அரைமணி நேரம் கழித்து வரும் நண்பர்கள் எல்லா நாட்டிலும் இருந்திருக்கிறார்கள் போலும்!

இனி, தமிழ் மாணவனுக்கு வாய்ப்பாக அமையும் இடங்களுக்கு வருவோம். 'தௌ' என்னும் சொல்லைக் கண்டு பலர் மிரள்கிறார்கள். 'தௌ' என்றால் நீ. 'தீ' என்றால் உன்னை. 'தை' என்றால் உன். 'யூ' என்றால் அப்போது நீங்கள். அவ்வளவுதான்! முதலில் 'யூ' வகை பன்மைக்கு மட்டுமே உரியதாக இருந்தது. பிரெஞ்சு நாகரிகம் பரவியபின் உயர்ந்தோரை ஒருவராயினும் பன்மையில் அழைக்கும் வழக்கம் வந்தது. 'நீர்' என்னும் பன்மை நம் மொழியில் மரியாதை ஒருமையானதும் இதே வழியில்தான். வேறுபாடு யாதெனில், நாம் இரண்டையும் வைத்துக்கொண்டோம். அவர்கள் மரியாதை மிகுந்து மிகுந்து நீ என்பதையே இழந்துவிட்டார்கள்.

இதனால் இன்றைய ஆங்கிலேயனுக்குக் கேளாத ஓசை ஒன்று நமக்குக் கேட்கும். லியர் மன்னன் கடைக்குட்டி மகளைத் துரத்தும் காட்சியில், அதுவரை மன்னனைப் போற்றிப் பேசிய கெண்ட் பிரபு, பொறுமை இழந்து மன்னனைத் 'தௌ' என்கிறான். கொலுமண்டபத்தில் அமைச்சன் அரசனை நோக்கி நீ என்கிறான்! நம் நெஞ்சு துணுக்குறுகிறது. 'யூ' ஒன்றை மட்டுமே அறிந்த மாணவனுக்கு இதை விளக்கிச் சொன்னாலும் நம் அளவுக்கு உறைக்குமா என்பது ஐயமே. 1603இல் சர் வால்ட்டர் ராலே மீது இராசத்துரோக வழக்கு நடந்தபோது, அரசு வழக்கறிஞர் எட்வர்ட் கோக் அவரை இழிவுபடுத்த எடுத்த ஆயுதமும் இதே 'தௌ'தான். அந்நூற்றாண்டின் நடுவில் ஜார்ஜ் ஃபாக்ஸ் தொடங்கிய குவேக்கர் இயக்கத்தார், மனிதருள் ஏற்றத்தாழ்வு இல்லை என்று கூறி, நீதிபதியையும் செல்வரையும் 'தௌ' என்றே அழைத்து இன்னலுக்கு ஆளாயினர்.

விவிலியத்தில் இறைவனைத் 'தௌ' என்று அழைப்பதால் அது மிக உயர்ந்த மரியாதைச் சொல் என்று இன்று ஆங்கிலம் பேசுவோரே எண்ணுகிறார்கள். உண்மை நேர்மாறானது. நம் நாயன்மார்களும் ஆழ்வார்களும் இறைவனை நீ என்று உரிமையோடு அழைத்தார்கள் அல்லவா, அந்த நெருக்கம் அது.

'தௌ' வந்தால் வினையும் 'எஸ்ட்' என்று முடியும். அவன், அவள், அது வந்தால் 'எத்' என்று முடியும். எழுவாய்க்கேற்ப வினைமுற்று மாறுவது நமக்குத் தாய்ப்பாலோடு வந்த இலக்கணம். 'எத்' விகுதி இன்னும் இறக்கவில்லை. ஆங்கிலத்தில் எழுதப்படும் நிலப் பத்திரங்களிலும் ஒப்பந்தங்களிலும் 'விட்னெஸெத்' என்று பெரிய எழுத்தில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பத்திர எழுத்தருக்குத் தெரியாமலே ஷேக்ஸ்பியர் அவர் பேனாவில் வந்து அமர்கிறார்.

'ஹிதர், திதர், விதர்' என்பன இங்கு, அங்கு, எங்கு நோக்கி என்பன. 'ஹென்ஸ், தென்ஸ், வென்ஸ்' என்பன இங்கிருந்து, அங்கிருந்து, எங்கிருந்து. இன்றைய 'ஹியர், தேர், வேர்' என்பவற்றையும் சேர்த்துப் பாருங்கள். அண்மைக்கு ஓர் எழுத்து, சேய்மைக்கு ஓர் எழுத்து, வினாவுக்கு ஓர் எழுத்து. நம் இகர, அகரச் சுட்டும் எகர வினாவும் அச்சில் வார்த்ததுபோல் நிற்கவில்லையா? ஒன்பது சொற்களையும் தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே இல்லை. இவ்வரிசையில் ஒன்று மட்டும் ஏமாற்றும். 'வேர்ஃபோர்' என்பது எங்கே என்று கேட்பதன்று. ஏன் என்று கேட்பது. மாடத்தில் நிற்கும் ஜூலியட் ரோமியோ எங்கே ஒளிந்திருக்கிறான் என்று தேடவில்லை. பகைக் குடும்பத்தின் பெயரைச் சுமந்த ரோமியோவாக அவன் ஏன் பிறந்தான் என்று வருந்துகிறாள்.

கடைப் பலகைகளில் பழமைத் தோற்றத்துக்காக 'யீ ஓல்ட்' என்று எழுதுகிறார்களே, அதில் உள்ள 'யீ' என்பது உண்மையில் 'தி'தான். பழைய ஆங்கிலத்தில் 'த' ஒலிக்குத் 'தார்ன்' என்று தனி எழுத்தே இருந்தது. காக்ஸ்டன் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் தொடங்கினார். ஐரோப்பாவிலிருந்து வந்த அச்செழுத்துகளில் அவ்வெழுத்து இல்லாமையால், அச்சுக்கோப்பவர்கள் உருவில் ஒத்த 'ஒய்' எழுத்தைப் பயன்படுத்தினார்கள். எழுத்துத்தான் மாறியது, 'யீ' என்று வாய்விட்டுச் சொன்னவர் அன்று எவரும் இலர்.

இனி அகராதி பற்றி ஒன்று கூறி முடிக்கிறேன். சிறிய அகராதிகள் இன்றைய பொருளையே தரும். ஷேக்ஸ்பியருக்கென்றே ஆனியன்ஸ் என்பவர் 1911இல் தொகுத்த சொற்பொருள் நூல் கைக்கு அடக்கமானது. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி 1884இல் முதற்பகுதி வெளிவந்து 1928இல் நிறைவுற்றது. வழக்கொழிந்த சொல்லுக்கும் பொருளுக்கும் முன்னால் அதில் சிறு கட்டாரிக் குறி ஒன்று இட்டிருக்கும். பொருள்களை அது கால வரிசையில், பழையதை முன்னும் புதியதைப் பின்னுமாக அடுக்குகிறது. ஆகவே 'நைஸ்' என்னும் சொல்லுக்கு அங்கே முதலில் கிடைப்பது அசடு என்னும் பொருளே. அவசரத்தில் முதற்பொருளை எழுதிக்கொண்டு வந்தால், இக்காலக் கதையொன்றில் வரும் நல்ல மனிதரை அசடர் ஆக்கிவிடுவோம். ஒவ்வொரு பொருளின் கீழும் எடுத்துக்காட்டும், அது எழுதப்பட்ட ஆண்டும் தரப்பட்டிருக்கும். நாம் படிக்கும் நூலின் ஆண்டு எந்த எடுத்துக்காட்டுக்கு அருகில் வருகிறதோ, அந்தப் பொருளை முதலில் பொருத்திப் பார்க்க வேண்டும்.